பத்திரிகையோட சேத்து வெச்ச பில்லு

என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. நானும் பொண்ணும் திண்டிவனத்துல அண்ணன் வீட்டு ஹால்ல ஒரு மூலையில இருந்தோம். அந்த நாள்ல எனக்கு எதுவுமே பெருசாப் படாது. பால் பொங்கி வழிஞ்சா வழியுது, கரண்டு போனா போவுது. "என்னாம்மா நீ, கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்கற?"ன்னு அண்ணி கேப்பாங்க. கல்லுக்குப் பசிக்காது. எனக்குப் பசிச்சுது, பொண்ணுக்கு அதைவிடப் பசிச்சுது. அதனால வேலை செஞ்சேன்.

வேலைன்னா வெப்சைட் பண்ற வேலை. கல்யாணத்துக்கு முன்னாடி விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பிரவுசிங் சென்டர்ல கல்லாவுல உக்காந்திருந்தேன். கூட்டம் இல்லாத மத்தியானத்துல, மத்தவங்க செஞ்ச பக்கத்தையெல்லாம் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்து நானே கத்துக்கினேன். அப்ப அது வெளையாட்டு. ரெண்டாயிரத்துப் பத்து வாக்குல அதுதான் சோறு. வீட்டுக்காரர் வாங்கி வெச்சிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரை அண்ணியோட தையல் மெஷின் மேல வெச்சிக்கினு வேலை பாப்பேன். அண்ணி ஜாக்கெட் தைக்க உக்காந்தா கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில வெச்சிடணும். பெரும்பாலும் நான் ஒரு வேலைய முடிக்கப் போற நேரமாப் பாத்துதான் அவங்களுக்கு ஜாக்கெட் ஞாபகம் வரும்.

வெப்சைட் செய்யறது ஒரு பங்கு வேலைன்னா, செஞ்சதுக்குக் காசு வாங்கறது மூணு பங்கு வேலை. கஸ்டமருங்க நல்லாத்தான் பேசுவாங்க. காப்பி குடுப்பாங்க. காசுன்னா மட்டும், "எங்கம்மா ஓடிடப் போறோம்?"பாங்க. அவங்க ஓடல, நான்தான் பஸ்ஸு புடிச்சி ஓடிக்கினு இருந்தேன். சைட்டுக்குப் பேரு பதியணும், அதுக்கு வருசா வருசம் டாலர்ல கட்டணும். எங்கிட்ட கார்டு ஏது? பழைய பிரவுசிங் சென்டர் ஓனர்தான் அவரு கார்டுல கட்டிட்டு, மேல கொஞ்சம் வெச்சி வாங்கிக்குவாரு. அதை நான் கைக்காசுலேர்ந்து முன்னாடியே குடுத்துடணும். கஸ்டமர் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. "பேருக்கு எதுக்கும்மா காசு? எங்கப்பன் எனக்குப் பேரு வெச்சப்ப காசா கட்டினான்?"ன்னு விழுப்புரத்துல ஒரு ரைஸ்மில் ஓனர் கேட்டாரு. நல்ல ஜோக்குதான். எனக்குச் சிரிப்பு வரல.

கூடவே ஒரு பிளாக் எழுதினேன். மொதல்ல தமிழ்ல சமையல். கேப்பைக் களி, கருவாட்டுக் கொழம்புன்னு எழுதினா நெறைய பேரு படிச்சாங்க, "சூப்பர் மேடம்"னு கமெண்ட் போட்டாங்க. ஆனா நெட்டுல விளம்பரம் குடுக்கற ஃபாரின் கம்பெனிக்காரங்க தமிழ்ப் பக்கத்துக்குத் தர மாட்டாங்களாம். சூப்பர் மேடத்தை வெச்சி அரிசி வாங்க முடியுமா? அப்புறம் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல, வெப்சைட்டுக்கு எந்தக் கலர் எடுக்கலாம், எழுத்தை எப்படி வெக்கலாம்னு இன்னொண்ணு ஆரம்பிச்சேன். அதுக்கு விளம்பரம் வந்துச்சு. பைசா பைசாவா சேந்து நூறு டாலர் ஆனாத்தான் செக் அனுப்புவாங்க. அதை பேங்குல போட்டுக் காசாவறதுக்குள்ள அடுத்த பண்டிகை வந்துடும். மொத செக்கைக் கொண்டுபோனப்ப கேஷியர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஃபாரின்ல யாரும்மா இருக்கா?"ன்னாரு. யாரும் இல்ல சார்னேன். அவரு நம்பல.

அண்ணன் கெட்டவரு இல்ல, அதை இங்கியே சொல்லிடறேன். சிமெண்டுக் கடையில கணக்கு எழுதிக்கினு, ரெண்டு பையன், ஒரு பொண்டாட்டியோட எங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சிக் காப்பாத்தினாரு. ஆனா பொண்ணு எட்டாவது படிக்கிற வயசு. துணி மாத்தணும்னா கூட, ஹால்ல யாரும் இல்லாத நேரம் பாத்துக் காத்துக்கினு நிப்பா. ஒரு நாளும் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. கேக்காததுதான் எனக்கு உறுத்திக்கினே இருந்துச்சு. அப்ப எனக்கு உறுத்தினதே அது ஒண்ணுதான்.

மேம்பாலத்துக்கு அந்தாண்ட ஒரு மாடி வீடு காலியா இருக்குன்னு தெரிஞ்சி போய்ப் பாத்தோம். ஒரு ரூம்பு, ஒரு சமையக்கட்டு. வீட்டுக்காரம்மா ரிட்டயர் ஆன நர்சு. நாங்க பேசிக்கினு இருக்கும்போதே பொண்ணு ரூம்புக்குள்ள போயி கதவைச் சாத்திக்கினா. உள்ள என்னா பண்றான்னு தெரியல, சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சி, "ம்மா, நான் இங்க சும்மாதான் இருக்கேன்"னு உள்ளேர்ந்து கொரல் வந்துச்சு. வீட்டுக்காரம்மா சிரிச்சிட்டாங்க. மாச வாடகைய எப்படியும் பொரட்டிடுவேன், அட்வான்ஸ் முப்பதாயிரம்தான் இடிச்சுது. ரைஸ்மில்லு பில்லு பதினெட்டாயிரம் வரணும், திண்டிவனத்துல ஒரு ஸ்கூல்லேர்ந்தும் வரணும். கையில இருந்த பிளாக் காசோட அந்த ரெண்டும் சேந்தா அட்வான்ஸ் தேறிடும். மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் விட மாட்டேன்னு அந்தம்மா வாக்குக் குடுத்தாங்க.

அந்த வாரமே பொண்ணு வயசுக்கு வந்துட்டா.

நாலு பொம்பளைங்கள கூப்புட்டுத் தண்ணி ஊத்தி முடிச்சிடலாம்னுதான் நான் நெனச்சேன். அண்ணன் ஒத்துக்கல. "அப்பன் இல்லாத பொண்ணுன்னு எவனாச்சும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. தாய்மாமன் நான் இருக்கறேன்"னாரு. அவரு சொன்னது பாசந்தான். கூடவே இன்னொண்ணும் இருந்துச்சு. அவரு ஊரு ஊராப் போயி மொய் எழுதிக்கினே இருந்தவரு. போட்ட மொய்ய வாங்கணும்னா நம்ம வீட்டுல ஒரு விசேசம் நடக்கணும் இல்ல? சின்னதா ஒரு மண்டபம், மைக் செட்டு, பிரியாணின்னு முடிவு பண்ணிட்டாரு. "உன் பக்கத்து ஆளுங்களுக்கு நீ போயி பத்திரிகை வெச்சிட்டு வா"ன்னாரு. என் பக்கத்து ஆளுங்கன்னா வேற யாரு? கஸ்டமருங்கதான்.

இப்ப நான் பண்ண கூத்தைக் கேளுங்க. பில்லு குடுக்கறதுக்கு விழுப்புரம் போவணும், பத்திரிகை வெக்கறதுக்கும் விழுப்புரம் போவணும். ரெண்டு தடவ எதுக்கு பஸ்ஸுக்குத் தண்டம் அழணும்னு, பில்லை மடிச்சிப் பத்திரிகை கவருக்குள்ளயே வெச்சிட்டேன். வெத்தல பாக்கு, குங்குமம் வெச்ச தட்டுல அதை வெச்சி ரைஸ்மில் ஓனருக்கும் அவரு சம்சாரத்துக்கும் குடுத்தேன். ஸ்கூலுக்கும் அதே மாதிரி. எங்க பக்கத்துல பத்திரிகை வெக்க வந்தவங்ககிட்ட யாரும் காசு பத்திப் பேச மாட்டாங்க. தர வேண்டியது என்னா இருந்தாலும் விசேசத்தன்னிக்கி சபையில வந்து தருவாங்க, அதுதான் மரியாதை. இது எனக்குத் தெரியாததா? பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். புத்தி எங்கியோ மேயப் போயிருந்துச்சு. ஓனரு கவரைப் பிரிச்சி ரெண்டையும் படிச்சாரு. "வந்துடறேம்மா, ஜமாய்ச்சிடலாம்"னாரு. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

விசேசத்தன்னிக்கி பொண்ணுக்குப் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். மைக்குல ஐந்நூறு, ஆயிரம்னு மொய் படிச்சிக்கினு இருந்தாங்க. திடீர்னு, "விழுப்புரம் ரைஸ்மில் ஓனர் அவர்கள், மொய் பதினெட்டாயிரம்!"னு கேட்டுச்சு. மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. "யாருடி அது, இவ்ளோ பெரிய கை?"ன்னு ஒரு கெழவி கேட்டா. அண்ணன் ஓடிப்போயி அவருக்குச் சால்வை போத்தினாரு. எனக்கு அந்தத் தொகைய நல்லாத் தெரியும். நானே டைப் பண்ண தொகை. கொஞ்ச நேரத்துல ஸ்கூல்காரங்களும் வந்து என் பில்லை அப்படியே எழுதிட்டுப் போனாங்க. போட்டோகிராஃபர் "கொஞ்சம் சிரிங்கக்கா"ன்னாரு, சிரிச்சேன்.

ரெண்டு நாள் விட்டு மில்லுக்குப் போனேன். "சார், அந்த பில்லு..."ன்னேன்.

"அதான் எழுதிட்டனேம்மா! மைக்குல கூட சொன்னாங்களே, நீ கேக்கல?"

"கேட்டேன் சார். அது மொய்யில சேந்துடுச்சி."

"சேந்தா என்னா? பத்திரிகையோட பில்லை வெச்சியே, பொண்ணு விசேசத்துக்கு ஆவட்டும்னு கேக்கறன்னு புரிஞ்சிக்கினேன். சபையில குடுத்தா உனக்கும் ஒரு கெத்துதானே?" அவரு மனசாரச் சொன்னாரு. அந்த மூஞ்சியில கள்ளம் இல்ல. கள்ளம் இருந்திருந்தா சண்டையாச்சும் போட்டிருக்கலாம்.

அண்ணன்கிட்ட வந்து கேட்டேன். "அண்ணா, மில்லுக்காரரும் ஸ்கூல்லயும் எழுதினது என் வேலைக்கு வர வேண்டிய காசு."

அவரு சாப்புட்டுக்கினு இருந்தாரு. கை நின்னுடுச்சு. "எனக்கு எப்படிம்மா தெரியும்? மண்டபத்துக்கும் சமையலுக்கும் அன்னிக்கே எண்ணிக் குடுத்துட்டேன். செலவு பண்றவன்தானே மொய் எடுப்பான்? சபையில வாங்கினதைக் கூலின்னு பிரிச்சிக் குடுத்தா, நாளைக்கு ஊரு என்னாத்த சொல்லும்?" அண்ணி சமையக்கட்டுலேர்ந்தே, "பொண்ணுக்குத்தானே செலவாச்சு, வேற யாருக்கோ ஆவலியே"ன்னாங்க. எனக்குக் கோவம் வந்திருக்கணும். இப்ப எழுதும்போது பத்திக்கினு வருது. அன்னிக்கி, தட்டை எடுத்துக் கழுவி வெச்சிட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கி தையல் மெஷின் மேல வெச்சி வேலையப் பாத்தேன்.

மாசக் கடைசியில மேம்பாலத்தைத் தாண்டிப் போயி, முடியலம்மான்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்காரம்மா, "அடடா, பொண்ணுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சே"ன்னாங்க. அடுத்த வாரமே வேற யாரோ குடிவந்துட்டாங்க. பொண்ணுகிட்ட சொன்னப்ப "சரிம்மா"ன்னா. அவ்ளோதான்.

பேஜாரு அதோட விடல. நாலஞ்சி மாசம் கழிச்சி ரைஸ்மில் ஓனரோட பையனுக்குக் கல்யாணம். அவரு சம்சாரம் நேர்ல வந்து பத்திரிகை வெச்சாங்க. "நாங்க செஞ்சது ஞாபகம் இருக்கும், குடும்பத்தோட வந்துடுங்க"ன்னு சிரிச்சிக்கினே சொன்னாங்க. அவங்க போன பிறகு அண்ணன் பத்திரிகைய என் பக்கம் தள்ளினாரு. "உன் கஸ்டமரு, நீயே பாத்து எழுதிடும்மா. எங்கிட்ட இப்பச் சுத்தமா இல்ல. வாங்கினதுக்குக் கொறையக் கூடாது, மேல ஒரு நூறாச்சும் சேத்து எழுது. மானம் போயிடும்." வாங்கினது அவரு, எழுதறது நான். மறுபடியும் அட்வான்ஸுக்குன்னு பிளாக் செக்கு, ரெண்டு சின்ன சைட்டுன்னு சேத்து வெச்சிருந்தேன். அதைத் தொடச்சி எடுத்துக்கினு, பொண்ணையும் கூட்டிக்கினு விழுப்புரம் போனேன். யாரு பேருல எழுதணும்னு கேட்டாங்க. அண்ணன் பேரைச் சொன்னேன். வெப்சைட்டும் செஞ்சி குடுத்து, அதுக்கு உண்டான காசையும் தானே கட்டின டிசைனரு ஒலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஓனரு சந்தோசத்துல, "இந்தப் பொண்ணுதான் நம்ம வெப்சைட்டு, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி"ன்னு சம்பந்திகிட்ட என்னைக் காட்டினாரு. பந்தியில ரெண்டு ஐஸ்கிரீம் வெக்கச் சொன்னாரு. பொண்ணு ரெண்டையும் தொடல.

திரும்பி வர்றப்ப பஸ்ஸு கூட்டேரிப்பட்டுல நின்னுச்சு. ஜன்னல் வழியா அவிச்ச வேர்க்கடலை, எங்க பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கினேன். பொண்ணு உரிச்சி உரிச்சி என் கையில வெச்சிக்கினே வந்தா, அவ திங்கல. வண்டி கெளம்பினதும், "ம்மா, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டியே?"ன்னா.

"கேளு."

"நான் பெரிய மனுசி ஆவாம இருந்திருந்தா, அந்த வீட்டுக்குப் போயிருப்போம் இல்ல?"

இத்தனை மாசமா இதைத்தான் மனசுல வெச்சிக்கினு இருந்திருக்கா. நான் பேசாம இருந்ததைக் கோவம்னு எடுத்துக்கினா போல. தலையக் குனிஞ்சிக்கினு மெதுவா, "நான் வேணும்னே ஆவலம்மா"ன்னா.

அவ அப்பா செத்தப்பக் கூட நான் அழுததில்ல. எல்லாரும் அதைப் பத்திப் பேசினாங்க. அன்னிக்கி பட்டுப்பொடவையோட, நடு பஸ்ஸுல, நாலு பேரு திரும்பிப் பாக்கற மாதிரி அழுதேன். மல்லாட்டையெல்லாம் மடியிலேர்ந்து கீழ கொட்டிப் போச்சு. நான் அழறதைப் பாத்ததும், அவ கேட்டது நெசந்தான்னு நெனச்சிருப்பா. இல்லடி கண்ணு, உன்னால இல்லடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். திண்டிவனம் வந்து சேர்ற வரைக்கும் அந்த ஒரு வார்த்தைய என்னால சொல்ல முடியல.