எந்தக் கணக்கில் ஏற்றுவது?

சென்ற சம்பா அறுவடையின்போது, திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமமான கே.ஜி.கண்டிகையில் நடந்தது இது. நான் திருத்தணியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை பார்க்கிறேன். கண்டிகையில் என் அக்காவின் கணவர் தலைவராக இருக்கும் உழவர் குழுவுக்காக ஓர் இணையச் செயலி எழுதியிருந்தேன். அறுவடை மிஷின் யார் நிலத்தில் எப்போது இறங்க வேண்டும் என்பதை அவரவர் போனிலேயே பதிவு செய்யலாம்; பதிந்த வரிசையிலேயே மிஷின் இறங்கும். சீட்டில் எழுதினால், எழுதியவர் நிலம்தான் முதலில் வருகிறது என்று வருடா வருடம் சண்டை. சண்டை முற்றினால் மிஷின்காரர் ஆந்திரா பக்கம் போய்விடுவார்.

அன்று காலை டீக்கடை பெஞ்சில் என் லேப்டாப்பை வைத்து, செயலியை இணையத்தில் ஏற்றினேன். 'அனுமதி இல்லை' என்று வந்தது. செயலியை ஏற்றுவதற்காகக் குழுவின் பெயரில் தொடங்கியிருந்த கணக்குதான் பிரவுசரில் திறந்திருந்தது. ஆனால் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில், எந்தப் பெயரில் நுழைந்திருக்கிறேன் என்று பார்த்தால், என் அலுவலகக் கணக்கு; குழுவின் இடத்தில் ஏற்ற அதற்கு அனுமதி கிடையாது.

"இன்னாம்மா, நீ யாருன்னு உன் கம்ப்யூட்டருக்கே தெரியலியா?" என்றார் மிஷினுக்காகக் காத்திருந்த ஓர் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். வானம் மூடிக்கொண்டு வந்தது. நெல் சாய்ந்து கிடந்தது.

வெளியேறி, குழுவின் கணக்கில் நுழைந்து மறுபடி ஏற்றினேன். அதே பதில்.

"மிஷின்காரரு கெளம்பறேன்றாரும்மா. எந்தக் கணக்கா இருந்தா இன்னா? ஆபீஸ் கணக்குலயே ஏத்திடேன்," என்றார் அக்காவின் கணவர்.

குழுவின் இடத்தை விட்டு, நிறுவனத்தின் இடத்திலேயே ஏற்றியிருந்தால் உடனே வேலை செய்திருக்கும். ஆனால் உறுப்பினர்கள் கொடுத்திருந்த போன் எண்ணும் சர்வே எண்ணும் என் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் குழுவை நம்பிக் கொடுத்தவை அவை.

"வாணாம் பாவா. மிஷின்காரருக்கு இன்னொரு டீ சொல்லுங்க," என்றேன்.

நிதானமாகத் தேடினேன். அலுவலக வேலைக்காக எப்போதோ பதிந்து வைத்த ரகசியக் குறியீடு ஒன்று லேப்டாப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாகக் கிடந்தது. நான் யாராக நுழைந்தாலும் கணினி அதையே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியை நீக்கிவிட்டு ஏற்றினேன். ஏறியது.

என்னைக் கேலி செய்த அம்மாவின் போனில்தான் பக்கம் முதலில் திறந்தது; முதலில் பதிந்தவரும் அவர்தான். எல்லோரும் பதிந்து முடித்ததும், "ஆங், வந்துட்ச்சி! எம்பேரு மொதல்ல கீது. தலைவரு கழனி கடைசில கீதுடோய்!" என்று கத்தினார். தலைவரே மிஷின்காரருக்கு வழி காட்டினார். மிஷின் அந்த அம்மாவின் நிலத்தை நோக்கித் திரும்பியது.

அலுவலகத்தில் இதைவிடச் சிக்கலான பிழைகளைச் சரிசெய்திருக்கிறேன். ஆனால் ஊரே அவசரப்படுத்தியபோதும் ஊருடையதை ஊரின் பெயரிலேயே நிறுத்திய அந்தக் காலைதான், நான் கற்ற வேலையை நினைத்து இன்றும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.