முட்டை வைக்காத மண்புழு

தீர்த்தகிரி, குப்புராஜுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். மகள் தேவிப்பிரியாவைக் கோயம்புத்தூரில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்க்க வாங்கிய பணம். வட்டியை வருஷம் தவறாமல் கட்டினார். அசல் மட்டும் அசையவில்லை.

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக் கூடை தூக்கியே மேலே வந்த மனிதர் தீர்த்தகிரி. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்று சொந்தமாக மினி லாரி ஓடுகிறது. அவரைப்போல ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தவன் அந்த மார்க்கெட்டில் எவன் என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் கிடையாது. மகள் 'நானோ' ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்டதும், சின்ன காருக்குப் புது மாடல் கண்டுபிடிக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். தீபாவளிக்கு வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காரு இல்லப்பா, பொடி. கண்ணுக்கே தெரியாத பொடி. மருந்துல, பெயிண்ட்ல, துணியில எல்லாம் சேக்கறாங்க. அது மண்ணுல, தண்ணியில போயி என்னா பண்ணுதுன்னு பாக்கறதுதான் என் வேலை."

"கண்ணுக்குத் தெரியாததையே பாக்கறியா!" என்றவர், மறுநாள் அதைக் காரைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்த வருஷம் அந்தப் பொடியே பாலக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது. உரக்கடைக்காரரான குப்புராஜ், தக்காளி இலைப்புள்ளிக்கென்று வெள்ளி நானோ கலந்த மருந்தை இறக்கியிருந்தார். வாங்க வந்த சனங்கள் தயங்கினார்கள்.

"யோவ் தீர்த்தகிரி, உன் பொண்ணுதான் டாக்டராயிட்டாளே. கடை முன்னாடி நின்னு 'பயமில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நாப்பதும் தள்ளுபடி" என்றார்.

"ஒரு வார்த்தை என்னாங்க, ஒம்பது வார்த்தை சொல்லும்!"

மகளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தாயிற்று. லாரிக்கு டயர் மாற்றச் சேர்த்த பணம் வீட்டில் இருந்தது. கடன் தொலைந்தது என்ற தெம்பில் டயர் கடையில் விலையும் பேசிவிட்டார்.

தேவிப்பிரியா ஒரு பாட்டில் மருந்தும், அப்பாவின் தக்காளிக் கொல்லையிலிருந்து ஒரு மூட்டை மண்ணும் எடுத்துப் போனாள். சில மாதம் கழித்துக் கடை முன் வந்து நின்றாள். கூட்டம் சேர்த்து வைத்திருந்த தீர்த்தகிரி, சலவை வேட்டியில் முன்னால் நின்றார்.

"மருந்து இலைக்கு நல்லாத்தான் வேலை செய்யுதுங்க" என்று தொடங்கினாள். குப்புராஜ் சிரித்தார். "ஆனா மருந்து கலந்த மண்ணுல மண்புழு முட்டை வைக்கறது பாதியா கொறைஞ்சுபோச்சு. புழு சாகல. நல்லாத்தான் நெளியுது. வாரிசுதான் கொறையுது."

தக்காளி போட்டிருந்த செல்லி குறுக்கிட்டாள். "அடிக்கலாமா, வேணாமா? ஒண்ணு சொல்லு கண்ணு."

"லேப்ல பாத்தது இதுதான்க்கா. மழையிலயும் வெயில்லயும் கொல்லையில என்னா ஆவும்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியறவரைக்கும் 'பயமில்ல'ன்னு என் வாயால வராது. மருந்து டேங்க் கழுவற தண்ணிய மட்டும் ஏரியில ஊத்தாதீங்க."

குப்புராஜ் முகம் சுருங்கிவிட்டது. "தெரியாதுன்னு சொல்லவா எங்கிட்ட நாப்பதாயிரம் வாங்கிப் படிச்சா?"

கூட்டம் சிரித்தது. தீர்த்தகிரிக்குக் காது சுட்டது. மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. மழையா, விலையா, எதைக் கேட்டாலும் எல்லாம் தெரிந்ததாகப் பேசுகிற மார்க்கெட் அது. கார் விஷயத்தில்கூடத் தெரியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு வளைந்ததில்லை. இவள் கடன் கொடுத்தவர் முன்னாலேயே சொல்லிவிட்டு நிற்கிறாள். அவருக்கு நெஞ்சு விம்மியது.

"ஆமாங்க! 'தெரியாது'ங்கற வார்த்தை எனக்கு வராது, உங்களுக்கும் வராது. எம் பொண்ணுக்கு வருது பாத்தீங்களா? அதுக்குத்தான் வாங்குனேன்!"

சிரிப்பு இப்போது குப்புராஜ் பக்கம் திரும்பியது. தீர்த்தகிரி வீட்டுக்குப் போய் டயர் பணத்தோடு வந்தார்.

"அட, ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்யா. அப்பறம் பாத்துக்கலாம்" என்று குப்புராஜ் பின்வாங்கினார்.

"கைய விரிங்க."

விரித்தார். தீர்த்தகிரி கட்டைவிரலை எச்சில் தொட்டுக்கொண்டு, ஒன்றுக்குப் பதில் 'லாபம்' என்று தொடங்கிக் கூடை எண்ணும் அதே குரலில், மார்க்கெட் கடைசிவரை கேட்க, ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி வைத்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

எண்பதாவது தாள் விழும்வரை அந்தக் கை விரிந்தே இருந்தது.