குடிக்காத மனிதருக்கு வந்த பெயர்

என் கணவர் சாராயத்தை வாயில் வைத்ததே இல்லை. தபால் கந்தோர் வேலை, அது முடிந்தால் வாழைத்தோட்டம் என்று இருந்த மனிதர். ஆனால் நீர்வேலியில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் அவரைக் குடிகாரர் என்றுதான் சொல்வார்கள்.

நடைதான் காரணம். ஓய்வுபெற்ற அடுத்த வருடமே கால்கள் அகன்று, உடம்பு ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. மதிலைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு வருவார். பிறகு பேச்சும் குழறியது. ஒருநாள் பஸ்ஸில் ஏறியவரை, "வெறி முறிஞ்ச பிறகு வா" என்று கண்டக்டர் இறக்கிவிட்டான். உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார்.

ஆசுபத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுமூளை சுருங்கி வருகிறது என்றார்கள். மாற்ற மருந்தில்லை. பரம்பரையாகப் பிள்ளைகளுக்கு வருகிற வகை அல்ல என்றும் தெளிவாகச் சொன்னார்கள். அவ்வளவு கவலைக்குள்ளும் எனக்கு ஓர் ஆறுதல். இனியாவது ஊருக்குச் சொல்லலாம், படலையில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குச் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. முப்பது தாண்டிய பிள்ளை. முன்பு வந்தவை எல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப் போயிருந்தன. இந்தப் பெடியனை அவளுக்கு மெய்யாகவே பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்த தரகரிடம் நான் நோயைப் பற்றிச் சொன்னேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

"அக்கா, தேப்பன் குடிக்கிறவர் எண்டு அவையளுக்குத் தெரியும். அது பறவாயில்லையாம். வருத்தம் எண்டு மட்டும் வாய் திறந்திடாதையுங்கோ. பரம்பரையோ எண்டு கேப்பினம். எல்லாம் குழம்பிப் போடும்."

டொக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். டொக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டினாலும் நம்பமாட்டார்கள் என்றார். குடிகாரத் தகப்பன்மாரை ஊர் மன்னித்துப் பழகிவிட்டது. நோயாளியைக் கண்டால்தான் பயம்.

எனக்கு ஆத்திரம் தாங்க முடியவில்லை. தரகர் போன பிறகு, இப்படியொரு சம்பந்தமே வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அறைக்குள் மகள் அழுவது கேட்டது. இவர் கதிரையில் இருந்தபடி சொற்களை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொன்னார்.

"இஞ்சேர், நான் குடிகாரனாவே இருந்திட்டுப் போறன். விடு."

விட்டேன். சண்டை பிடிக்க எனக்கும் பெலன் இல்லை.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மணவறைக்கு முன்னால் இவர் தடுமாறியபோது இரண்டுபேர் சிரித்துக்கொண்டே தாங்கிப் பிடித்தார்கள். "இண்டைக்குமோ" என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளையின் தமையன் வீட்டுக்கு வந்தார். கலியாணத்துக்கென்று லண்டனில் இருந்து வந்தவர். நல்ல மனிதர், அன்பாகத்தான் ஒரு விஸ்கிப் போத்தலை நீட்டினார். மாமாவுக்கென்று பார்த்து வாங்கியதாம், ஊரில் கிடைக்காதாம். இவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல வாயெடுத்தார். சொல் குழறி, பாதியில் நின்றது.

"என்ன மாமா, விடியவே துவங்கிட்டியள் போல" என்று அவர் இவரது தோளில் தட்டிச் சிரித்தார்.

இவர் பக்கத்தில் நின்ற மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓம் என்று தலையாட்டினார்.