செல்லசாமி வீட்டில் பாடிய ஒப்பாரி

எங்கள் பல்கலைக்கழக நூலகம் ஆண்டுதோறும் நாலைந்து இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வுப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. பெயர்தான் பெரிது, ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கு என்பதே அதன் பொருள். பிள்ளைகள் கொண்டுவரும் பதிவுகளை ஒழுங்குபடுத்தி நூலகத்தில் சேர்ப்பது என் வேலை. ஒலிப்பதிவு அறைக்கு இருப்பது ஒரே ஆள், லியனார்ட் என்கிற நான்தான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் மலையகம் என்று எது வந்தாலும் என் தலையில் கட்டிவிடுவார்கள்.

பிரேமினி எடுத்த தலைப்பு ஒப்பாரி. கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. "எங்க மீனம்மா அத்தைய பதிஞ்சா போதும் சேர், வேற யாருமே வேணாம்" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. மீனம்மா ஐம்பதைத் தாண்டியவள், தேயிலைக் கொழுந்து பறிக்கிற கொழுந்துக்காரி. அந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் போகும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பியிருந்தாலும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவாள். செத்தவரோடு முகம் கொடுத்துப் பேசாதவனைக்கூடத் தேம்பித் தேம்பி அழவைப்பாள். பாடி முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "தேத்தண்ணி ஊத்தலியா?" என்று கேட்பாள். மற்ற நேரத்தில் சரியான வாயாடி.

அவள் பாடாத சாவு ஒன்று உண்டு, அவள் புருஷன் சோலைமலையுடையது. நாலு வருடத்துக்கு முந்தைய அடைமழையில் தோட்டத்து மேடு சரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்துகொண்டிருந்த மனிதர் வீடு வந்து சேரவில்லை. இயந்திரம் வந்து தோண்டிப் பார்த்தது, பிறகு அதுவும் போய்விட்டது. கருமாதியை முடி, தாலியை இறக்கு என்று சொந்தக்காரர்கள் பிடுங்கி எடுத்தார்கள். "பொணத்த காட்டுங்க, எறக்குறேன்" என்றாள். பொட்டும் தாலியுமாகவே இருந்தாள். அவர் எங்கேயோ இருக்கிறார், வருவார் என்கிற ஒன்றுதான் அவளை நடமாட வைத்தது.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது, பாடினால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும் என்பது எங்கள் சனங்களின் பயம். பிரேமினி கேட்டபோது மீனம்மா கதவைச் சாத்தப் பார்த்தாள். பல்கலைக்கழகமோ கெடு வைத்திருந்தது. கடைசியில் பிரேமினியே ஒரு வழி கண்டுபிடித்தாள். மண்சரிவுக்குப் பிறகு ஆட்களைக் கிளப்பிவிட்ட பழைய லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், காலியாகக் கிடந்தது. அதன் கோடி அறையில்தான் செல்லசாமி என்ற கிழவர் மண்ணில் அகப்பட்டுச் செத்தார். சாவு விழுந்த வீடுதானே, அங்கே பாடினால் என்ன? மீனம்மாவும் யோசித்துச் சரி என்றாள்.

பிசகு அங்கேதான். அந்த அறையில் உட்கார்ந்து, செல்லசாமியின் மனைவி அழுவதுபோலத்தான் அவள் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் தொழிற்சாலை பாட்டுக்குள் வந்துவிட்டது. செல்லசாமி தொழிற்சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தவரே இல்லை.

"கூப்பிட்டு நான் நிக்கையில
கொரலு கேட்டு வரலையே
மண்ணு வந்து மூடையில
மறுவார்த்த தரலையே"

என் அறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, 'மறுவார்த்த' என்ற சொல்லின் மேல் ஓர் இருமல் விழுந்தது. வறட்டு இருமல், ஆண் இருமல்.

"கூட யாரும்மா இருந்தது?" என்று பிரேமினியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாருமே இல்ல சேர். நாங்க ரெண்டு பேருந்தான்."

நான் ஞாயிற்றுப் பூசை தவறாதவன், பேய் பிசாசு என்றால் ஏசுகிறவன். இருந்தும் அந்த இடத்தை மறுபடி ஓடவிட எனக்குப் பயமாக இருந்தது. இருமலை மட்டும் வெட்டலாம் என்று பார்த்தால், குரலோடு குரலாக ஒட்டிக் கிடந்தது. எடுத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

பதிவில் பாடியவர் அதைக் கேட்டுச் சம்மதித்தால்தான் நூலகத்தில் சேர்ப்போம். அதனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் பிரேமினியும் தோட்டத்துக்குப் போனோம். மத்தியானமே பனி இறங்கி, எதிர் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை. மீனம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நானா இது!" என்று சிரித்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது.

"திரும்ப வைங்க சேர்."

வைத்தேன்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். "அவருதான்" என்றாள்.

"காத்துச் சத்தமா இருக்கும் அத்தை" என்றாள் பிரேமினி. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"எனக்குத் தெரியாதா பாப்பா? ஆளுங்க மத்தியில நான் வாய நீட்டிக்கிட்டே போனா, வாசல்ல நின்னு ஒரு இருமல் இருமுவாரு. நான் கப்புன்னு நிறுத்திருவேன். அவரு ஏசுறதே அம்புட்டுதான்." அவள் கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. "நான் சாகலடி, நிறுத்துன்னு இருமியிருக்காரு. நான் நிறுத்தாம பாடி முடிச்சிருக்கேனே."

நான் மடிக்கணினியை மூடப் போனேன்.

"பாட்ட அழிச்சிருங்க சேர். அவர மட்டும் வச்சிருங்க."

"அப்படிப் பிரிக்க முடியாதக்கா. ஒண்ணு போனா ரெண்டும் போயிரும்."

ஹெட்போனை என் பக்கம் தள்ளினாள். "அப்ப ரெண்டையும் அழிங்க. என் ஒப்பாரிக்குள்ள அவரு கெடக்க வேணாம்."

பிரேமினியின் ஆய்வுக்கு அந்தப் பதிவுதான் உயிர். மன்றாடுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே அழித்தாள். என் அறைக் கணினியில் இருந்த பிரதியை நான் திரும்பி வந்த அன்றே அழித்தேன், இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்காமலே அழித்தேன். இப்போதும் அறையில் தனியாக இருக்கும்போது நடைபாதையில் யாராவது இருமினால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

ஒப்பாரியைக் காப்பாற்றத்தான் நாங்கள் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். நல்ல லட்சணம்! போன மாதம் அங்கே ஆண்டியப்பன் என்ற பெரியவர் இறந்தார். வழக்கம்போல மீனம்மாவுக்கு ஆள் போயிற்று. வந்தாள், பெண்கள் கூட்டத்தில் உட்காராமல் வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். பாடச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை. இனி எந்தச் சாவிலும் பாடுவதில்லை என்றுவிட்டாளாம். ஏன் அத்தை என்று பிரேமினி பக்கத்தில் போய்க் கேட்டிருக்கிறாள்.

"நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டிருந்தா, அவரு வந்து இருமுறது காதுல விழாதே பாப்பா."