தேனில் குழைத்த முத்து

டிங்... டிங்... டிங்...

உள்ளறையிலிருந்து எவர்சில்வர் தம்ளரில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. பெனிஷா காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா கூப்பிடுதாவளா, மாமி?"

"கூப்பிடல பிள்ள. அவியளுக்குத் தேன் குடுக்குற நேரம். கொஞ்சம் பிந்திட்டா இப்படித்தான் கோயில் மணி அடிப்பாவ." ஞானபாக்கியம் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "ஹார்பர்ல இவிய சத்தம் போட்டா பக்கத்துக் கப்பல்காரன் எட்டிப் பாப்பானாம். இப்ப எல்லாச் சத்தமும் தம்ளருக்குத்தான்."

உள்ளே படுத்திருந்தவர் அவள் கணவர் ரெமிஜியுஸ். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த மனிதர். ஆறடி உடம்பு. இன்று அந்த உடம்பு கட்டிலோடு கட்டிலாக ஒட்டிப்போய்க் கிடந்தது. ஈரலில் புற்றுக்கட்டி. வெட்டி எடுக்கவும் முடியாது, வழக்கமான மருந்துக்கும் அடங்கவில்லை. எல்லாரும் கைவிட்ட நேரத்தில்தான், மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று சொல்லி அழைத்துப்போனாள் பெனிஷா. அவள் அங்கே நர்ஸ். இதே தெருவில் பிறந்து, ஞானபாக்கியத்தின் இடுப்பில் ஏறி வளர்ந்த பெண்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் அந்த மருந்தைப் பற்றிச் சொன்னது இன்னும் ஞானபாக்கியத்தின் காதில் இருக்கிறது.

"கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டை, மாமா. நானோ துகள்னு சொல்லுவாங்க. அதுக்குள்ள ஒரு ஜீனை வச்சு ரத்தத்துல ஏத்துவோம். அது ஈரல்ல இருக்க கட்டியத் தேடிப் போகும். புத்து பிடிச்ச செல்லுக்குள்ள நுழைஞ்சுதான் திறக்கும். திறந்த உடனே அந்தச் செல்லுக்கு, 'நீ செத்துப் போ'ன்னு உத்தரவு."

ரெமிஜியுஸுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. "அப்ப கன்டெய்னர்னு சொல்லு! ஏளா, ஒரு சந்தேகம். துறைமுகம் மாறி இறக்கிட்டா?"

"அதுக்குத்தான மாமா அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாக்கோம்" என்று சிரித்தாள் பெனிஷா.

இன்றைக்கு அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. முதல் தடவை மருந்து ஏற்றிய பிறகு எடுத்த ரத்தத்தில் ஈரலின் அளவுகள் தாறுமாறாக ஏறியிருந்தன. இரண்டாவது தடவையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வீட்டில் என்ன சாப்பிடுகிறார், என்ன குடிக்கிறார் என்று நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் டாக்டர் அவளை அனுப்பியிருந்தார். கஞ்சி, அவித்த மீன், இளநீர் என்று ஞானபாக்கியமும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தேனை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதெல்லாம் ஒரு சாப்பாடா?

குசினிக்குள் போய்த் தேன் பாட்டிலை எடுத்தாள். அலமாரியின் மேல்தட்டில், மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சின்னக் குப்பியையும் எடுத்தாள். வெள்ளைப் பொடியை ஒரு சிட்டிகை தேனில் போட்டுக் குழைத்தாள்.

"அது என்ன மாமி?"

பெனிஷா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இதா? முத்துப் பற்பம். ஏன், உனக்குத் தெரியாதா? உன்னப் பெத்து உங்கம்மா வெளிறிப்போய்க் கிடந்தப்ப எங்கம்மாதான் தேன்ல குழைச்சு நாக்குல தடவினா. மறுநாளே எந்திரிச்சு உக்காந்தா." ஞானபாக்கியத்தின் குரலில் பெருமை வழிந்தது. "மருந்து ஏத்துறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிட்டேன். உடம்புல தெம்பு இருந்தாத்தான உங்க மருந்தும் வேலை செய்யும்?"

பெனிஷா உள்ளே வந்து அந்தக் குப்பியைக் கூர்ந்து பார்த்தாள்.

"மாமி... வேற மருந்து எதும் குடுக்கியளான்னு டாக்டர் எத்தனை தடவ கேட்டாரு? நாட்டு மருந்து, சித்த மருந்து எதுவும் கூடாதுன்னு நானும் சொன்னேம்லா?"

"மருந்து குடுக்கலயே."

"இது?"

"இது முத்துல்லா!"

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். பிரசவித்தவளுக்கும் காய்ச்சல் கண்டவனுக்கும் கொடுப்பது அங்கே மருந்துக் கணக்கில் சேராது. சோற்றில் உப்பு மாதிரி. உப்புப் போட்டேன் என்று எந்தப் பொம்பளை டாக்டரிடம் சொல்லுவாள்?

பெனிஷாவின் கண்கள் ஞானபாக்கியத்தின் காதுகளில் போய் நின்றன. இரண்டு காதிலும், துளை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகிய ஈர்க்குச்சி. "உங்க முத்துத் தோடு எங்க மாமி?"

ஞானபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு இறால் உரித்துப் பிழைத்தவள் அவள். வெடித்த விரலும் வீங்கிய நகமுமாக மகன் மெல்வினைப் படிக்கவைத்து, மஸ்கட்டுக்குக் கப்பல் வேலைக்கு அனுப்பியவள். அந்தக் கஷ்டத்திலெல்லாம் ஒருநாளும் கழற்றாத தோடு. கல்யாணத்தன்று அவள் அம்மா தன் காதிலிருந்து கழற்றி மாட்டிவிட்டது.

"கடையில விக்கிறதுல கலப்படம்னு சொன்னாவ. சாத்தான்குளத்துல ஒரு வைத்தியர் இருக்காரு. தோட்டு முத்தப் பேத்து அவருகிட்ட குடுத்து, புடம் போட்டுப் பொடியாக்கி வாங்கினேன். நம்ம கடல் முத்து, பிள்ள. அது எப்படிக் கெடுதல் செய்யும்?"

"செஞ்சுதுன்னு சொல்லல மாமி. செய்யலன்னும் சொல்ல முடியாது. ரத்தம் கெட்டது எங்க மருந்தாலயா, இதாலயான்னு இனி எந்த டாக்டராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அப்படி ஆயிட்டா அந்த ஆளச் சோதனையில வச்சிருக்க மாட்டாங்க. மாமாவுக்கு இனி அந்த மருந்து கிடையாது."

ஞானபாக்கியத்தின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

"நீ சொல்லாத." ஓடிவந்து பெனிஷாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உனக்கும் எனக்கும் அந்த மாதாவுக்கும் மட்டுந்தான் தெரியும். இந்தா, இப்பவே கொட்டிருதேன். உன் கால்ல விழுதேன் மக்கா, சொல்லிராத!"

விழவே போனாள். பெனிஷா அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

"மாமாவுக்கு மட்டும்னா சொல்லாம இருந்திருப்பேன். மாமா ரத்தத்தப் பாத்துட்டு, மருந்துதான் ஈரலக் கெடுக்குதுன்னு பயந்து எல்லாருக்கும் நிறுத்தி வச்சிருக்காவ. வார்டுல ஒரு வாத்தியார் தினமும் கேக்காரு, 'எனக்கு எப்பம்மா ஏத்துவீங்க'ன்னு. அவரு மக முழுகாம இருக்கா. பேரப்பிள்ளையப் பாக்கணும்னு துடிக்காரு. இதச் சொன்னாத்தான் அவங்களுக்கு மறுபடி ஏத்துவாங்க. சொல்லாம அவரு முகத்த நான் எப்படிப் பாப்பேன்?"

முகம் தெரியாத அந்த வாத்தியாரைத் திட்ட வாயெடுத்தாள் ஞானபாக்கியம். வரவில்லை. பெனிஷாவைத் திட்டலாமா? அவள் என்ன செய்வாள். முத்தைத் திட்டலாமா, கடலைத் திட்டலாமா? "அப்ப கொல்ல வந்தவ நான்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

டிங்... டிங்.

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்கள். ரெமிஜியுஸ் தலையணையில் சாய்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா பெனிஷா, எல்லாம் கேட்டுது. டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லிரு. அவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் அவ கைய முறுக்கிப் பிடுங்கித் தின்னேன்."

கரண்டியைத் தம்ளருக்குள் போடவே இரண்டு தடவை தவறியது அவர் கை. அந்தக் கையா முறுக்கும்? பெனிஷா, "சரி மாமா, சொல்லுதேன்" என்றாள்.

"போன சரக்கு சரியான துறைமுகத்துல இறங்கிருக்குமா?"

"தெரியல மாமா."

"ம்." மூச்சு வாங்கிவிட்டு மனைவியைப் பார்த்தார். "பாக்கியம், காதுல தோடு இல்லன்னு அன்னைக்கே பாத்தேன். மாதாவுக்குக் காணிக்கை போட்டுட்டன்னு நெனச்சேன். போயும் போயும் என் வயித்துலயா போட்ட?"

ஞானபாக்கியம் கட்டில் காலில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் கையை நீட்டி அவள் காதைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. பெனிஷாதான் அந்தக் கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பெனிஷா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமி... அந்தக் குப்பிய நான் கொண்டுபோகணும். என்ன இருக்குன்னு பாக்கச் சொல்லுவாங்க."

ஞானபாக்கியம் எழுந்துபோய்க் குப்பியை எடுத்தாள். மூடியை இறுக்கினாள். முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற தாய் மாதிரி, வாசல்வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இனிமே எதும் குடுத்துராதீங்க மாமி."

"இனி என்ன இருக்கு குடுக்க?"

பெனிஷா செருப்பை மாட்டினாள். குப்பியைக் கைப்பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்தபடி வெயிலில் இறங்கி நடந்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரை ஞானபாக்கியம் நின்று பார்த்தாள்.

உள்ளே தம்ளர் தட்டும் சத்தம் கேட்டது.

"வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.