குவாரிக்குக் கொடுக்காத வயர்லெஸ்

பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவதற்கான ஹாம் ரேடியோ பரீட்சையை பெங்களூரு போய் எழுதி, உரிமம் கைக்கு வந்த பிறகு நான் முதலில் வாங்கியது இரண்டு வயர்லெஸ் கைக்கருவிகள். உரிமம் உள்ள ஒருவரிடம் ஜோடியாக, பழையதாக வாங்கினேன். ஒரு வருஷம் கழித்து, வீட்டில் வைத்துப் பேசும் பெரிய கருவி மேல் ஆசை வந்தது. இரண்டையும் விற்றுவிடலாம் என்று இருந்தேன். அக்கா வீட்டில் பேச்சுவாக்கில் அதைச் சொன்னதுதான் தாமதம், மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

மாமாவுக்கு பாகலூர் தாண்டி ஒரு ஜல்லி குவாரியில் வேலை. வெடி வைப்பதற்கு முன் குழிக்குள் இறங்கி எல்லோரையும் வெளியே அனுப்புவது அவர் பொறுப்பு. மேலே இருந்து விசில் ஊதுவார்கள். கம்ப்ரஸர் ஓடும்போது அது யார் காதிலும் விழாது. இரண்டு வாரத்துக்கு முன் பொக்லைன் டிரைவர் ஒருவர் விசில் கேட்காமல் உள்ளேயே இருந்துவிட்டார். அவரை இழுத்து வர மாமா திரும்ப ஓடியிருக்கிறார். கடைசி நிமிஷத்தில் மேலே இருந்த யாரோ பார்த்து நிறுத்தியதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். மேலே ஒன்று, குழியில் ஒன்று என்று கருவி இருந்தால் இந்த வம்பே இல்லை என்பது மாமாவின் கணக்கு. முதலாளியும் வாங்கத் தயார்.

உரிமம் இல்லாதவருக்கு விற்கக்கூடாது என்றேன்.

"லைசென்ஸ்தான் நம்ம வூட்ல இருக்குதே மாப்ள. உன்னுதுன்னா உங்கக்காவுது, அக்காவுதுன்னா என்னுது. பத்தாதுன்னா ரேஷன் கார்டு மாதிரி எம் பேரையும் சேத்து உடு."

அக்கா சிரித்துவிட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று அறைக்கு வந்து கருவிகளைச் சோதித்துப் பார்த்தேன். ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைக்கு வெளியே வைத்து பட்டனை அமுக்கினால் கருவி மறுக்க வேண்டும். இது மறுக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். ஒரு வருஷமாக என் வரம்புக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்ததால் இது எனக்குத் தெரியவே இல்லை. பின்மூடியைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். போர்டில், வரம்பு தாண்டாமல் தடுக்கும் எள்ளைவிடச் சின்ன ஒரு பாகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாலிடர் புள்ளிகள் மட்டும் மினுங்கின. பழைய சொந்தக்காரர் எடுத்திருக்கிறார். இன்னொன்றிலும் அப்படியே.

எடுத்தது தப்பா, அப்படியே வைத்திருப்பது தப்பா, விற்பது தப்பா? பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விதிகளை இந்த முறை கேள்வி கேட்டுக்கொண்டே படித்தேன். ஹாம்கள் கருவியைப் பிரிக்கலாம், மாற்றலாம், சொந்தமாகவே கட்டலாம். கற்றுக்கொள்ளத்தான் இந்த உரிமமே. ஆனால் ஒதுக்கிய எல்லைக்குள்தான் பேச வேண்டும், வியாபாரத்துக்குப் பேசக்கூடாது, கை மாற்றினால் இன்னொரு உரிமக்காரருக்குத்தான். எனக்குக் கொடுத்த சுதந்திரம் கருவியோடு சேர்ந்து போகாது என்று புரிந்துகொண்டேன். ஆனால் ஏன் போகாது? குழிக்குள் ஓர் உயிரைக் காப்பாற்றப் பேசினால் யாருக்கு என்ன நஷ்டம்? அதற்கு அந்தப் பக்கங்களில் பதில் இல்லை.

முடியாது என்று போனில் சொன்னேன். மாமா, "கல்லு மண்டையில உழுந்தா உன் ரூல் புக்க மேல புடிச்சிக்கிறேன் போ" என்றார். முதலாளிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, நீயே வந்து சொல் என்று வைத்துவிட்டார்.

எனக்கு ஷிப்ட் இல்லாத ஒரு நாள் போனேன். முதலாளிக்கு அந்த இரண்டு புள்ளிகளைக் காட்டி விளக்கலாம் என்று கருவிகளையும் பையில் எடுத்துக்கொண்டேன். குழி விளிம்பில் வெடிக்காரர் குந்தியிருந்தார். பாறைத் துளைகளிலிருந்து மெல்லிய ஒயர்கள் வெளியே வந்து தரையில் கிடந்தன. ஆட்களிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"பையில என்னா தம்பி?"

வயர்லெஸ் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் எழுந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. "கைய உள்ள உடாத. எதையும் அமுக்காத. அப்பிடியே திரும்பி கேட்டுக்குப் போ. அங்க போயி பேட்டரியக் கழட்டு."

கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். நான் கழற்றியதைப் பார்த்த பிறகுதான் பேசினார். தோட்டாவைப் பற்ற வைக்கிற கேப்பில் இரண்டு ஒயர் இருக்குமாம். "அது கரண்டுக்குக் காத்துக்கினே இருக்குது தம்பி. யாரு குடுத்ததுன்னு கேக்காது."

எந்த நீண்ட கம்பியும் ஏரியலாக வேலை செய்து, பக்கத்தில் பேசும் கருவியின் அலையிலிருந்து கரண்டை எடுத்துக்கொள்ளும் என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தரையில் கிடந்த ஒயர்களைத் தாண்டித்தான் நடந்து வந்தேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமா கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிற இடம் அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில்தான்.

மாமா கேட் பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. வெடிக்காரரிடம்தான் கேட்டார்: "அப்ப எங்களுக்கு என்னாதான் வழி?"

வழி அவரே சொன்னார். முன்பு வேலை செய்த இடத்தில் கேட் பக்கம் பலகை வைத்து, ஆணி அடித்து, ஆளுக்கொரு நம்பர் வில்லை மாட்டியிருப்பார்களாம். குழிக்குள் இறங்குபவர் ஒன்றை எடுத்துப் போய், மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். எல்லா ஆணியும் நிறையாமல் வெடி இல்லை. முதலாளி அதற்கும், பெரிய சைரன் ஒன்றுக்கும் ஒத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமானது ஏன் முதலிலேயே இல்லை என்று நான் கேட்டபோது, முதலாளி எத்தனை ஆணி வேண்டும் என்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பழைய சொந்தக்காரர் எடுத்த இடத்தில் அதே மாதிரி பாகம் வாங்கி வைத்து சாலிடர் செய்து, வரம்புக்கு வெளியே கருவி மறுக்கிறதா என்று பார்த்த பிறகு, காவேரிப்பட்டினத்தில் ஓர் உரிமக்காரருக்கு இரண்டையும் கொடுத்தேன். உரிம நகல் கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த மாதம் மாமாவைப் பார்க்கப் போனபோது பலகையில் ஒரு ஆணி காலியாக இருந்தது. சைரன் அடித்து ஓய்ந்துவிட்டது. வெடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொக்லைன் டிரைவர் டீக்கடையிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். வில்லை சட்டைப் பையில். எல்லோரும் திட்டிய திட்டில் டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார். வில்லை ஆணிக்கு ஏறிய பிறகுதான் பாறை அதிர்ந்தது.

தூசி அடங்கும்வரை மாமா என் பக்கத்திலேயே நின்றார்.

"ஏன் மாப்ள, கரண்டே குடுக்காத ஒயர்ல எப்பிடி கரண்டு வரும்?"

சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார்கள். மாமா போகவில்லை, காதை என் வாய்ப் பக்கம் கொண்டுவந்தார்.