கீழே விழுந்த கத்தரிக்கோல்

வோல்ஹோவ் ஆற்றங்கரையில் இன்றைக்குப் புனித அனீசியாவுக்கு மெழுகுவத்தி ஏற்றாத வீடு கிடையாது. உலகத்தைத் தூசியாக உதறிவிட்டுச் சிரித்த முகத்தோடு மடம் புகுந்தாளாம். குருமார் அப்படித்தான் வாசிக்கிறார்கள். நடந்தது வேறு என்று மாவ்ராவுக்குத் தெரியும்.

மாவ்ரா அவளுடைய பணிப்பெண். மடம் புகுமுன் அனீசியாவின் பெயர் தோப்ரவா, சிற்றரசரின் மனைவி. கணவரைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் கொழுந்தன் மிரோஸ்லாவ் வந்து நின்றான். அண்ணி துறவியானால் நிலம் அவனுக்கு. அவளுடைய சின்னப் பெண் லூபவாவும் அவன் கைக்கு வருவாள். வளர்த்து, தனக்குத் தோதான இடத்தில் தள்ளிவிடலாம். பெண்ணை விட்டுப் போகமாட்டேன் என்று தோப்ரவா ஒற்றைக்காலில் நின்றாள். அவன் ஆட்களை விட்டுத் தாயையும் மகளையும் கோயிலுக்கு இழுத்துப்போனான். மாவ்ராவும் கூடவே ஓடினாள்.

துறவுக்கு முடி களைவதில் ஒரு வழக்கம் உண்டு. மடத்துத் தலைவர் கத்தரிக்கோலைக் கீழே போடுவார். துறவு பூணுகிறவள் தன் கையால் எடுத்துத் தரவேண்டும், மூன்று முறை. மனமொப்பி வருகிறாள் என்பதற்கு அதுதான் சாட்சி. தராவிட்டால் யாரும் அவள் முடியைத் தொடக்கூடாது.

தோப்ரவா குனியவே இல்லை. வாசலில் மிரோஸ்லாவின் ஆள் ஒருவன் குழந்தையின் கழுத்தில் கை வைத்து நின்றான். அதைக் கண்ட மாவ்ரா ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள். எஜமானியின் விரல்களுக்குள் திணித்து, அந்தக் கையைப் பிடித்துத் தலைவரிடம் நீட்டினாள்.

"குடுத்துருங்கம்மா. புள்ள உசுரோட இருக்கட்டும்."

மூன்று முறையும் அப்படித்தான் நடந்தது. தலைவருக்கு அன்றைக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது, வாங்கிக்கொண்டார்.

மொட்டைத் தலையோடு தோப்ரவா சொன்னாள்: "அவன் கொன்னுருக்க மாட்டான்டி. அவள வச்சுத்தான அவனுக்குப் பொழப்பே."

அதற்குப் பிறகு அவள் மாவ்ராவை ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை. தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவியே காலத்தைக் கழித்தாள். அவள் செத்துப் பல ஆண்டு கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடல் அழுகாமல் இருந்தது. ஊர் புனிதை என்றது.

மிரோஸ்லாவ் தூரதேசத்தில் கட்டிக்கொடுத்த லூபவா நரைத்த தலையோடு ஒருநாள் அந்தக் கல்லறைக்கு வந்தாள். எல்லோரும் மண்டியிட, அவள் மட்டும் நின்றாள்.

"என்னைத் தூக்கிப்போட்டுட்டுப் போனவள நான் எதுக்குக் கும்பிடணும்?" என்று மாவ்ராவிடம் கேட்டாள்.

"அவங்க போகல தாயி. நான்தான் பயந்துபோய் அனுப்பி வச்சேன்."

மாவ்ரா எல்லாவற்றையும் சொன்னாள். லூபவா கல்லறைமேல் கன்னத்தை வைத்து, "அம்மா, அம்மா" என்று தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு எழுந்து வெளியே போனாள். வழியை விட்டு ஒதுங்கி நின்ற மாவ்ராவை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.